எதுக்கெடுத்தாலும் ஃபார்மேட்டா? அடப் போங்கப்பா!

மக்களே, ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. வழக்கம் போல மொக்கை போடலாம்னுதான் உக்காந்தேன். ஆனா மனசுல கெடந்து கொதிக்கிற விஷயத்தைக் கொட்டலைன்னா ஆணி புடுங்குற வேலையும் ஓட மாட்டேங்குது. அதனால கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கும். நீளமும் ஜாஸ்தி. காப்பித் தண்ணிய கையில எடுத்துக்கிட்டு வாங்க.

ஆயுத பூஜை லீவுக்கு திண்டுக்கல் போயிருந்தேன். வேடசந்தூர் ரோட்டுல சித்தப்பா வீடு. மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவர். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு சந்தனம், குங்குமம் வச்சு மேல கதம்பம் சாத்தியிருந்தாங்க. சாமி கும்பிட்டு, சுண்டலும் பொரியும் உள்ள போனதும் சித்தப்பா மெதுவா ஆரம்பிச்சார்.

"ஏப்பா, அந்தப் பொட்டிய கொஞ்சம் பாரேன். மறுபடியும் வைரஸ் வந்துருச்சு போல."

"மறுபடியுமா? இப்பத்தானே சித்தப்பா கடையில குடுத்து ஃபார்மேட் போட்டீங்க?"

"ஆமாப்பா. 800 ரூவா வாங்கிட்டு புதுசாட்டம் பண்ணிக் குடுத்தாங்க. ஒரு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு."

போய் உக்காந்தேன். வலது பக்கம் கீழ் மூலையில பட்டு பட்டுனு பெட்டி பெட்டியா வருது. உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ், உடனே இங்க அமுக்குன்னு ஒண்ணு. உங்க ஆன்டிவைரஸ் இன்னிக்கோட காலாவதின்னு இன்னொண்ணு. கூகுள்ல ஒரு வார்த்தை தேடினா எங்கயோ சுத்தி வேற ஏதோ ஒரு தேடல் பக்கத்துல போய் நிக்குது.

இதைச் சரி பண்ண எனக்கு ஆன நேரம் 10 நிமிஷம். காசு பைசா செலவில்லை. என்ன பண்ணேன்னு பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி நடந்த கூத்தைக் கேளுங்க.

சரி பண்ணிட்டு, "சித்தப்பா, அப்பத்தா பேசுன வீடியோ ஒண்ணு இதுல இருந்துச்சே, எனக்கு காப்பி பண்ணிக்கிறேன்"னு சொல்லி ஃபோல்டரைத் தேடுறேன். ஒண்ணையும் காணோம். சி டிரைவ்ல விண்டோஸ். டி டிரைவ் காலி. 2011-ல இருந்து சேர்த்து வச்ச போட்டோ மொத்தமும் அவுட். அத்தை பொண்ணு கல்யாணம், காதுகுத்து, பழனி போன பாதயாத்திரை, எல்லாம். அப்பத்தா இறந்தது 2019-ல. அது உக்காந்து தன் கல்யாணத்துக்கு கட்டை வண்டி கட்டிக்கிட்டு வந்த கதையைச் சொன்ன வீடியோ அந்தப் பொட்டியில மட்டும்தான் இருந்துச்சு.

"கடைக்காரர் கேக்கலையா சித்தப்பா?"

"கேட்டாருப்பா. முக்கியமான ஃபைல் எதுவும் இருக்கான்னு கேட்டார். எனக்கு ஃபைல்னா ஆபீஸ் கணக்குன்னு நெனப்பு. நம்மகிட்ட அப்படி ஒண்ணும் இல்லையேன்னு சொல்லிட்டேன்."

போட்டோவும் ஃபைல்தான்னு அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

இதுல பெரிய கொடுமை என்னன்னா, கடையில குடுங்கன்னு சொன்னது யாருன்னு நெனக்கிறீங்க? சாட்சாத் நானேதான். ரெண்டு வாரம் முன்னாடி போன் பண்ணி, "என்னமோ பொட்டியில காட்டுதுப்பா"ன்னார். நான் மீட்டிங்ல இருந்தேன். "வைரஸா இருக்கும் சித்தப்பா, கடையில குடுத்து ஒரு ஃபார்மேட் போட்டுடுங்க"ன்னு ஒரே வரியில முடிச்சு போனை வச்சுட்டேன். நாலு வருஷம் இஞ்சினியரிங், அதுக்கு மேல இத்தனை வருஷம் பொட்டி தட்டுற பொழப்பு. என்ன ஏதுன்னு ஒரு கேள்வி கேக்கல.

ஆக, இந்தப் பதிவுல விழப்போற அடியில முதல் அடி எனக்குத்தான். ரெண்டாவது, இதே வரியை இதே மாதிரி சொல்லிட்டு போனை வைக்கிற உங்களுக்கு. கடைக்காரர் மூணாவதுதான்.

ஃபார்மேட் போட்டும் எப்படி திரும்ப வந்துச்சு?

இங்கதான் மேட்டரே இருக்கு. சித்தப்பா பொட்டியில வைரஸே இல்ல. இருந்தது குரோம் பிரவுசருக்குள்ள ரெண்டு விஷயம். ஒண்ணு, எக்ஸ்டென்ஷன். வீடியோ டவுன்லோட் பண்ண உதவுறேன்னு சொல்லிக்கிட்டு உள்ள வந்து, தேடுறதையெல்லாம் திசை திருப்பி விட்டுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது, நோட்டிஃபிகேஷன் அனுமதி. சீரியல் பார்க்கப் போன ஏதோ ஒரு தளத்துல, "நீங்க ரோபோ இல்லைன்னா அலோவ் அமுக்குங்க"ன்னு கேட்டிருக்கான். மனுஷன்னு நிரூபிக்க சித்தப்பாவும் அமுக்கியிருக்கார். அன்னிலேர்ந்து அந்தத் தளம் தெறந்திருக்கோ இல்லையோ, பிரவுசர் ஓடுற வரைக்கும் அந்தப் பெட்டி வந்துக்கிட்டே இருக்கும்.

கடையில ஹார்ட் டிஸ்க்கைத் தொடைச்சு விண்டோஸை புதுசாப் போட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா பையன் குரோம்ல அதே கூகுள் கணக்குல நுழைஞ்சு சிங்க் ஆன் பண்ணான். பழைய புக்மார்க் வந்துச்சு, பாஸ்வேர்டு வந்துச்சு, கூடவே அந்த எக்ஸ்டென்ஷனும் சமத்தா வந்து உக்காந்துருச்சு. அது கொண்டு போய் விட்ட பக்கத்துல மறுபடியும் அலோவ் கேட்டான். மறுபடியும் அமுக்கியாச்சு.

அதாவது 12 வருஷத்துக்கு மேல சேர்த்த போட்டோ போச்சு, அப்பத்தா போச்சு, 800 ரூபாய் போச்சு. போக வேண்டியது மட்டும் போகலை. நோயை விட்டுட்டு நோயாளியை எரிச்ச வைத்தியம்.

இது ஒண்ணும் புதுசில்லை. 2007-ல நான் அஞ்சாங்கிளாஸ். பெரியப்பா பையன் வீட்டுல கம்ப்யூட்டர் இருந்துச்சு. ஃபயர்ஃபாக்ஸைத் தெறந்தா உடனே மூடிரும், இன்டர்நெட் எக்ஸ்புளோரரை யூஸ் பண்ணுன்னு ஒரு மிரட்டல் பெட்டி வரும். ஆர்குட் போனா, அது தடைன்னு சொல்லி ஒரு கெக்கெக்கே சிரிப்பு. அந்தக் காலத்துல பிரவுசிங் சென்டர் போனவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். சி டிரைவ்ல ஹீப்41ஏ-ன்னு மறைஞ்சு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள எஸ்விசிஹோஸ்ட்னு விண்டோஸ் பேரையே வச்சுக்கிட்டு ஒரு கள்ளன். டாஸ்க் மேனேஜர்ல அதை நிறுத்தி, அந்த ஃபோல்டரையும் ரெஜிஸ்ட்ரியில அதைக் கூப்பிடுற வரியையும் அழிச்சா வேலை முடிஞ்சது. ஆனா எல்லாரும் என்ன பண்ணாங்க? ஃபார்மேட். போட்டு முடிச்சு, பாட்டு காப்பி பண்ண அதே பென் டிரைவைச் சொருகினாங்க. ஆட்டோரன் வழியா அய்யா திரும்ப வந்து உக்காந்துட்டார். திரும்ப ஃபார்மேட்!

அன்னிக்கு பென் டிரைவ், இன்னிக்கு சிங்க். எப்படி உள்ள வந்துச்சுன்னு கேக்காம தொடைக்கிறவன் வாழ்நாள் பூரா தொடைச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

பூட்டு ஊர்க்காரன் கேக்குறேன்

எங்க ஊரு பூட்டுக்குப் பேர் போன ஊரு. 2019-ல புவிசார் குறியீடே வாங்கியாச்சு. பூட்டு தெறக்கலைன்னு நாகல் நகர் பக்கம் ஒரு பட்டறைக்கு எடுத்துட்டுப் போங்க. முதல்ல சாவியை வாங்கி வெளிச்சத்துல பார்ப்பார். பூட்டை காதுகிட்ட வச்சு ஆட்டிப் பார்ப்பார். உள்ள லீவர் சிக்கியிருக்கா, துருவா, சாவி தேஞ்சிருக்கான்னு பார்த்துட்டுத்தான் ஸ்குரூடிரைவரையே எடுப்பார். யாராவது, "பூட்டு மக்கர் பண்ணுது, வீட்டை இடிச்சுட்டு புதுசா கட்டிரலாம்"னு சொன்னதுண்டா? அந்த வேலையைத்தான் கம்ப்யூட்டர்ல கூசாம பண்ணிக்கிட்டு இருக்கோம்.

கடைக்காரரை மட்டும் திட்டிட்டுப் போறது ஈஸி. அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிடுறேன். ஃபார்மேட்டுக்கு ரேட் உண்டு. பூட்டபிள் பென் டிரைவைச் சொருகிட்டு அவர் பாட்டுக்கு வேற வேலை பார்க்கலாம், ஒரே நேரத்துல நாலு பொட்டி ஓடும். ஆனா முக்கால் மணி நேரம் உக்காந்து ஒவ்வொண்ணாப் பார்த்து, "எக்ஸ்டென்ஷனை எடுத்துட்டேன் சார், 300 குடுங்க"ன்னு சொன்னா நாம குடுப்போமா? "ஒரு பட்டனை அமுக்குனதுக்கு 300-ஆ?"ன்னு சண்டைக்குப் போவோம். பார்க்குறதுக்கு காசு தர மாட்டோம், அழிக்கிறதுக்கு அள்ளித் தருவோம்னா அவரும் அழிக்கத்தான் செய்வார். இந்த ஃபார்மேட் கலாச்சாரம் கடையில பொறந்ததில்ல, நம்ம கஞ்சத்தனத்துல பொறந்தது.

ஆனா ஒரு விஷயத்துல கடைங்களை விட மாட்டேன். அது ஆக்டிவேட்டர். வாங்கும்போதே ஒரிஜினல் விண்டோஸோட வந்த லேப்டாப்பைக் கூட ஃபார்மேட் பண்ணி, திருட்டு 'புரோ' போட்டு, ஆக்டிவேட்டர்னு ஒண்ணை ஓட்டி அனுப்புற கடைகள் இருக்கு. விண்டோஸ் 10-லேர்ந்து அந்த உரிமம் மெஷினோட சேர்ந்தே பதிவாகியிருக்கும். அதே எடிஷனை மறுபடி போட்டு நெட்டைக் குடுத்தா தானா ஆக்டிவேட் ஆயிரும். இது தெரியாம, "டிஃபெண்டரை ஆஃப் பண்ணுங்க, அப்பத்தான் ஆக்டிவேட்டர் ஓடும்"னு காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டு திருடனுக்கு கதவைத் தெறந்து விடுறாங்க. 2021 டிசம்பர்ல ரெட் கேனரிங்கிற பாதுகாப்பு நிறுவனம் எழுதுச்சு: கேஎம்எஸ்பிகோங்கிற ஆக்டிவேட்டர் பேர்ல சுத்துற போலி இன்ஸ்டாலர்ல கிரிப்ட்பாட்னு ஒரு திருட்டு நிரலும் சேர்ந்து வருதுன்னு. பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டு, கிரிப்டோ வாலட் எல்லாத்தையும் உருவுற ஜாதி அது. வைரஸை எடுக்கக் குடுத்த பொட்டியில காசு வாங்கிக்கிட்டு வைரஸ் போட்டுத் தர்ற வள்ளல்தனத்தை என்னன்னு சொல்ல?

இன்னொண்ணு. ஆக்டிவேட்டர் பயத்துல அப்டேட்டையும் நிறுத்தி வைப்பாங்க. 2017 மே 12-ஆம் தேதி வானாகிரை உலகத்தையே ஆட்டிச்சு. அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்தாச்சு. ரெண்டு மாசம் டைம் இருந்துச்சு. போட்டிருந்தவன் தப்பிச்சான். அவ்வளவுதான் கதை.

சரி, என்னதான் பார்க்கணும்?

சும்மா திட்டிட்டுப் போனா அது பதிவில்ல, புலம்பல். நான் சித்தப்பா வீட்டுல பார்த்த வரிசையை அப்படியே தர்றேன். ஊருக்குப் போகும்போது வச்சுக்கங்க.

ஒண்ணு: எதையும் தொடுறதுக்கு முன்னாடி போட்டோ, வீடியோ எல்லாத்தையும் ஒரு வெளி டிஸ்க்குல காப்பி எடுங்க. "ஃபைல் இருக்கா"ன்னு கேக்காதீங்க. "கல்யாண போட்டோ எங்க வச்சிருக்கீங்க"ன்னு கேளுங்க.

ரெண்டு: திரை முழுக்க சிவப்பா ஒரு பக்கம் வந்து சைரன் அடிச்சா அது வைரஸ் இல்ல, வெறும் வலைப்பக்கம். எஸ்கேப் பட்டனை கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிங்க. போகலைன்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜர்ல பிரவுசரை மூடுங்க. திரும்பத் தெறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க. அதுல இருக்குற நம்பருக்கு மட்டும் போன் போட்டுறாதீங்க.

மூணு: அதே வேலையை குரோம்ல இன்காக்னிட்டோ ஜன்னல்ல செஞ்சு பாருங்க. அதுல எக்ஸ்டென்ஷன்கள் சாதாரணமா ஓடாது. அங்க பிரச்சினை இல்லைன்னா குற்றவாளி எக்ஸ்டென்ஷனா இருக்கலாம், இல்லன்னா சேர்ந்து கெடக்குற கேஷ், குக்கியா இருக்கலாம். இன்னொரு பிரவுசர்லயும் அதே கதைன்னா பிரவுசரைத் தாண்டித் தேடணும்.

நாலு: செட்டிங்ஸ்ல தள அனுமதிகளுக்குப் போய் நோட்டிஃபிகேஷன் பட்டியலைப் பாருங்க. சித்தப்பா பொட்டியில வாயில நுழையாத பேர்ல 23 தளம் இருந்துச்சு. அத்தனையும் நீக்கினேன். பெட்டி வர்றது அந்த நிமிஷமே நின்னுச்சு.

அஞ்சு: எக்ஸ்டென்ஷன் பட்டியல். யார், எதுக்குப் போட்டதுன்னு வீட்டுல யாருக்கும் தெரியாதது எல்லாம் வெளியே. நல்ல பேர் வாங்குனதையும் கண்ணை மூடி நம்பாதீங்க. கிரேட் சஸ்பெண்டர்னு லட்சக்கணக்கான பேர் வச்சிருந்த எக்ஸ்டென்ஷன் 2020-ல கை மாறுச்சு. 2021 பிப்ரவரியில தீங்கானதுன்னு சொல்லி கூகுளே முடக்குச்சு. நேத்து நல்லவன் இன்னிக்கு விலை போயிருக்கலாம்.

ஆறு: நீக்கப் பார்த்தா நீங்க மாட்டேங்குது, 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது'ன்னு குரோம் சொல்லுதா? சித்தப்பா வீட்டுல எந்த நிறுவனம்? குரோமோட பாலிசி பக்கத்தைப் பாருங்க. சில ஆன்டிவைரஸும் இப்படிக் காட்ட வைக்கும். அது இல்லைன்னா எவனோ ரெஜிஸ்ட்ரியில பாலிசி எழுதி வச்சிருக்கான்னு அர்த்தம்.

ஏழு: தேடுபொறி, தொடக்கப் பக்கம், டெஸ்க்டாப்ல இருக்குற பிரவுசர் ஐகானோட புராப்பர்ட்டீஸ். அதுல டார்கெட் வரிக்குக் கடைசியில ஏதாவது தள முகவரி ஒட்டிக்கிட்டு இருந்தா அழிங்க. எல்லாம் பார்த்தும் சரியாகலைன்னா பிரவுசர் ரீசெட் குடுங்க. புக்மார்க்கும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும், எக்ஸ்டென்ஷன் எல்லாம் அணைஞ்சிரும். நம்ம மக்களுக்குத் தேவையான 'ஃபார்மேட்' முக்கால்வாசி நேரம் இதுதான்.

எட்டு: அடுத்து விண்டோஸ். இன்ஸ்டால் ஆன புரோகிராம்களை தேதி வாரியா அடுக்கிப் பாருங்க. தொந்தரவு ஆரம்பிச்ச நாளை ஒட்டி என்ன வந்துச்சுன்னு தெரியும். டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்டப் பட்டியலையும் பாருங்க.

ஒன்பது: விண்டோஸ் செக்யூரிட்டியில ஃபுல் ஸ்கேன். அப்புறம் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடியே தேடும், கால் மணி நேரம் போல ஆகும். இன்னொரு டாக்டர் கருத்து வேணும்னா மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் இலவசம். இறக்கி 10 நாள்ல காலாவதி ஆயிரும், அதனால ஒவ்வொரு தடவையும் புதுசா இறக்கணும். நம்ம அரசாங்கத்தோட சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 பிப்ரவரியில ஆரம்பிச்சது. அங்கயும் இலவசக் கருவிகள் உண்டு. நம்ம சென்னை கே7 நிறுவனமும் அதுல பங்காளி.

வைரஸே இல்லாத 'வைரஸ்'

இதே லீவுல எதுத்த வீட்டு அத்தை கூப்பிட்டாங்க. எந்தத் தளம் போனாலும், 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது இல்லை'ன்னு வருதாம். கடையில கேட்டதுக்கு என்ன சொன்னாங்கன்னு நான் சொல்லவும் வேணுமா? ஆமா, அதேதான். போய்ப் பார்த்தேன். மூலையில கடிகாரம் 2009-ஆம் வருஷம்னு காட்டுது. தளங்களோட சான்றிதழுக்கு தொடக்க நாளும் முடியுற நாளும் உண்டு. 2009-ல நின்னுக்கிட்டுப் பார்த்தா இன்னிக்கு உள்ள சான்றிதழ் எல்லாம் இன்னும் பொறக்கவே இல்லை, அதான் பிரவுசர் கத்துது. மதர்போர்டுல காசு சைஸுல ஒரு செல் இருக்கும், சிஆர் 2032. அது செத்துப் போச்சு. 50 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. இதுக்கு ஃபார்மேட் போட்டிருந்தா, போட்டு முடிச்ச கம்ப்யூட்டர் சுவிட்சை அணைச்சுப் போட்டதும் திரும்பவும் 2009-க்குப் போயிருக்கும்.

வீட்டுல கம்ப்யூட்டர், போன், டிவி எல்லாத்துலயும் ஒரே மாதிரி எங்கயோ இழுத்துட்டுப் போனா ரவுட்டரைச் சந்தேகப்படுங்க. அதுல டிஎன்எஸ்-ஐ எவனாவது மாத்தியிருக்கலாம். டிஎன்எஸ் சேஞ்சர்னு ஒரு கும்பல் 100-க்கும் மேற்பட்ட நாடுகள்ல சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டரை இப்படித்தான் ஆட்டி வச்சுச்சு. 2011-ல எஃப்பிஐ பிடிச்சாங்க. ரவுட்டர் பிரச்சினைக்கு கம்ப்யூட்டரை எத்தனை தடவை ஃபார்மேட் போட்டாலும் நடக்குமா?

அப்புறம், ஸ்லோவா இருக்குன்னா வைரஸ்னு ஒரு ஐதீகம். 4 ஜிபி ராம், பத்து வருஷத்துப் பழைய ஹார்ட் டிஸ்க். அதுக்கு வயசாயிருச்சுய்யா, அவ்வளவுதான்! டிஸ்க்கோட ஆரோக்கியத்தைப் பாருங்க. சாகக் கெடக்குற டிஸ்க்கை ஃபார்மேட் போடுறது, இழுத்துக்கிட்டு இருக்கிறவரை எழுப்பி ஓட்டப்பந்தயம் விடுற மாதிரி.

அப்ப ஃபார்மேட்டே வேண்டாங்கிறியா?

அப்படிச் சொல்லல. பின்னூட்டத்துல கும்ம வர்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க. ஃபைல் எல்லாம் பூட்டப்பட்டு காசு கேக்குது, ஸ்கேன்ல பாஸ்வேர்டு திருடுற நிரல் சிக்குது, எவனோ ரிமோட்ல உள்ள வந்து என்ன பண்ணான்னே தெரியலைன்னா, தாராளமா ஃபார்மேட் போடுங்க. அப்ப அதுதான் சரி. காப்பி எடுத்துட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்துல இறக்குன விண்டோஸை வச்சுப் போடுங்க.

ஆனா அப்பவும் ஃபார்மேட்டோட முடிஞ்சுதுன்னு நெனக்காதீங்க. ஃபார்மேட் உங்க டிஸ்க்கைத்தான் தொடைக்கும், திருடன்கிட்ட இருக்குற காப்பியைத் தொடைக்காது. இப்ப ஒரு புதுத் தந்திரம் சுத்துது. மனுஷன்தான்னு நிரூபிக்க விண்டோஸ் பட்டனையும் ஆர்-ஐயும் அமுக்கு, அப்புறம் கன்ட்ரோல் வி, என்டர்னு ஒரு பக்கம் சொல்லும். சொன்னபடி செஞ்சா உங்க கையாலயே திருடனைக் கூப்பிட்டு உக்கார வச்ச மாதிரி. 2024-லேர்ந்து இது பெருசாப் பரவுது. இப்படியும் வேற வழியிலயும் பரவின லும்மாங்கிற திருட்டு நிரலை 2025 மே மாசம் மைக்ரோசாஃப்டும் பல நாட்டு போலீசும் சேர்ந்து முடக்கினாங்க. அதுக்கு முந்தின ரெண்டு மாசத்துல மட்டும் 3,94,000-க்கும் மேல விண்டோஸ் கம்ப்யூட்டர்ல அது இருந்ததா மைக்ரோசாஃப்ட் சொல்லுச்சு. அப்படி ஒண்ணு சிக்கினா, வேற சுத்தமான மெஷின்ல இருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டை மாத்தணும், எல்லா இடத்துலயும் லாக் அவுட் குடுக்கணும். காசு போயிருந்தா உடனே 1930-க்கு போன் பண்ணணும். ஃபார்மேட் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குறவனுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி.

"என்னத்தைப் போய் அமுக்குனீங்க?"

கடைசியா ஒண்ணு. இதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது.

வீட்டுப் பெரியவங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது ஆச்சுன்னா நாம கேக்குற முதல் கேள்வி, "என்னத்தைப் போய் அமுக்குனீங்க?" கேள்வியா அது? குத்தச்சாட்டு. அதுக்குப் பயந்தே அவங்க அடுத்த தடவை நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க. சித்தப்பா அந்தப் பெட்டி வர ஆரம்பிச்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் எனக்கே போன் பண்ணியிருக்கார்.

அலோவ் அமுக்குனது அவர் தப்புன்னா, எவன் வேணும்னாலும் பக்கம் தெறந்த உடனே அப்படிக் கேக்கலாம்னு பிரவுசர்ல வழி வச்சவன் தப்பு என்ன கணக்குல வரும்? பயனர் எதையும் சொடுக்காம அந்தக் கேள்வியே வரக்கூடாதுன்னு ஃபயர்ஃபாக்ஸ் 2020 ஜனவரியில மாத்துச்சு. அப்ப மாத்த முடியுற விஷயம்தானே அது? இதையெல்லாம் எழுதுறது நம்மள மாதிரி பொட்டி தட்டுறவன்தான். நாம வச்ச கண்ணியில அவர் மாட்டிக்கிட்டா அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். பயமுறுத்தி போன் போட வச்சு காசு புடுங்குறதை கால் சென்டர் வச்சே நம்ம நாட்டுல நடத்துறாங்க. 2023 அக்டோபர்ல சிபிஐ 76 இடத்துல சோதனை போட்டுச்சு. அதுல இந்த மாதிரி கால் சென்டர் கேஸ்கள்ல புகார் குடுத்தது மைக்ரோசாஃப்டும் அமேசானும். இவ்வளவு பெரிய தொழிலா நடக்குறதை எதிர்த்து ஒரு மில் சூப்பர்வைசர் தனியா ஜெயிக்கணும்னு எதிர்பார்க்கிறது என்ன நியாயம்?

மாட்டிக்கிறது அவமானம் இல்ல. கூடங்குளம் அணுமின் நிலையத்தையே எடுத்துக்கங்க. 2019 அக்டோபர் 29-ஆம் தேதி அப்படி ஒண்ணுமே இல்லைன்னு நிலையத் தரப்புல அறிக்கை வந்துச்சு. மறுநாளே, ஆமா, நிர்வாக வேலைக்கான, நெட்டோட இணைஞ்ச வலையமைப்புல ஒரு கம்ப்யூட்டர்ல மால்வேர் இருந்தது உண்மைதான், முக்கியமான உள் வலையமைப்பு அதுலேர்ந்து தனியாத்தான் இருக்குன்னு இந்திய அணுமின் கழகம் ஒத்துக்கிச்சு. அவ்வளவு பெரிய இடத்துலயே முதல்ல வாயில வர்ற வார்த்தை 'இல்லை'. நாம முகத்தைச் சுளிச்சா சித்தப்பா மட்டும் எப்படி வாயைத் தெறப்பார்?

அதனால மக்களே, அடுத்த தடவை ஊர்லேர்ந்து போன் வந்தா, 'ஃபார்மேட்'ங்கிற வார்த்தையை முழுங்கிட்டு ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. "திரையில என்ன எழுதியிருக்கு, அப்படியே படிங்க." "எப்பலேர்ந்து இப்படி?" பாதி பிரச்சினை அங்கயே தெரிஞ்சிரும். மீதியை ரிமோட்ல பார்க்கலாம், இல்லன்னா ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். கடையில குடுத்தே ஆகணும்னா, "என்ன பிரச்சினைன்னு பார்த்துச் சொல்லுங்க, பார்க்குறதுக்கே காசு தர்றேன், கேக்காம ஃபார்மேட் போடாதீங்க"ன்னு நீங்களே போன்ல கடைக்காரர்கிட்ட பேசுங்க.

அந்த டிஸ்க்கை சென்னைக்கு எடுத்துட்டு வந்து போட்டோரெக் போட்டு ரெண்டு ராத்திரி ஓட்டினேன். விண்டோஸை மேல எழுதினதுல நெறைய போச்சு. போட்டோ ஒரு 200 சொச்சம் தேறுச்சு, அதுலயும் நெறைய பாதிக்குக் கீழ சாம்பல் கலர். வீடியோ ஒண்ணு கூட ஓடலை. சித்தப்பாகிட்ட சொன்னேன். "விடுப்பா, நீ என்ன பண்ணுவ"ன்னார்.

நான் பண்ணதே தெரியாம சொல்றார். அதான் இந்தப் பதிவு.

டிஸ்கி 1: திண்டுக்கல் கடைக்காரங்க யாராவது படிச்சா கோவிச்சுக்காதீங்க. ஆக்டிவேட்டர் பத்திச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன் :-)

டிஸ்கி 2: "லினக்ஸ் போடுங்க, வைரஸே வராது"ன்னு பின்னூட்டம் போட வரும் அன்பர்களுக்கு: சித்தப்பாவுக்கு வந்த பிரச்சினை பிரவுசர்ல. அதே குரோம், அதே கணக்கு, அதே அலோவ் பட்டன் லினக்ஸ்லயும் இருக்குங்க சாமி.